சிரிக்க வந்தவர்களின் படம்

என் கணவருக்கு நல்ல குரல். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. பெண் பார்க்க வந்த அன்று, காப்பி நன்றாக இருக்கிறது என்று அவர் கூடத்தில் சொன்னதைக் கேட்டு, உள்ளே இருந்த என் அத்தை, "யாரு ரேடியோ போட்டா?" என்று கேட்டாள். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்த பிறகுதான் அந்த ரேடியோவை அணைக்க வழியில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடு. அவர் ஒரு அரசாங்க ஆபீசில் கிளார்க். ஆனால் தெருவில் அவரை யாரும் கிளார்க்காக நினைத்ததில்லை. உற்சவ நாட்களில் கோயில் மைக் அவர் கையில்தான் இருக்கும். தமிழ்க்காரர்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். அதில் ராஜா வேஷம் அவருக்கு. நாடகத்தில் ராஜா இல்லாவிட்டால் ஒரு ராஜாவைச் சேர்த்து எழுதச் சொல்லுவார்.

தன் தமிழ்தான் சுத்தமான தமிழ் என்பது அவருடைய நம்பிக்கை. மலைக்கு அந்தப் பக்கம் சினிமாவும் அரசியலும் தமிழைக் கெடுத்துவிட்டன, இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட எங்களிடம்தான் அது பத்திரமாக இருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்குவார். சாட்சிக்கு என்னைக் கூப்பிடுவார்.

"ஏடீ, இங்க வா. சாருக்கு வாழைப்பழம்னு சொல்லிக் காட்டு."

என் நாக்கு திருநெல்வேலி நாக்கு. எழுதும்போது ழகரம் தவறாமல் வரும், பேசும்போது வராது. நான் "வாளப்பளம்" என்பேன். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் ஒரு வாத்தியாரின் வருத்தத்தோடு தலையை ஆட்டிக்கொள்வார். கல்யாணமான புதிதில் உள்ளே போய் அழுதேன். அப்புறம் அழவில்லை. பழத்தை நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அந்தப் படம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. சாலை பஜாரில் இரும்புக் கடை வைத்திருந்த ஒருவர், பறக்கும் மனிதன் ஒருவன் ஊரைக் காப்பாற்றுவதாக மலையாளத்தில் குழந்தைகளுக்குப் படம் எடுத்திருந்தார். கதாநாயகனாக நடித்தவருக்கு வயதும் ஆகிவிட்டது, தொந்தியும் விழுந்துவிட்டது. அவருக்கு உடம்போடு ஒட்டிய மஞ்சள் உடுப்பைப் போட்டு, முதுகில் பச்சைத் துணியைக் கட்டிப் பறக்க விட்டிருந்தார்கள். மலையாளத்தில் ஓடவில்லை. தமிழ்நாட்டுக்காரர்கள் இப்படிப்பட்ட படத்தை விரும்புவார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மெட்ராஸ் போய்க் குரல் கொடுக்கிறவர்களை வைத்துத் தமிழில் மாற்ற அவருக்கு வசதி போதவில்லை. உற்சவ மைக்கில் கேட்ட குரல் ஞாபகம் வந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சுவாமியுடெ சப்தம் மாத்ரம் மதி. பாக்கி ஞான் நோக்கிக்கொள்ளாம்" என்றார். உங்கள் குரல் மட்டும் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். என் கணவர் யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். ஒப்புக்கொள்ளப் போகிறார் என்பது கடைக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

பள்ளிக்கூடத் தமிழாசிரியர் ஒருவர் வசனத்தை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார். எளிமையாக, வாயில் வருகிற தமிழில் இருந்தது. என் கணவர் அதைப் படித்துவிட்டு, "இது சந்தைத் தமிழ். பறக்கறவன் இப்படியா பேசுவான்?" என்று முழுவதையும் அடித்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தானே திருத்தி எழுதினார். எழுதினதை எனக்கு வாசித்தும் காட்டினார். தண்ணீர்த் தொட்டியின் மேல் மாட்டிக்கொண்டு அழும் குழந்தையிடம் நாயகன் முதன்முதலாகப் பேசும் இடம்:

"குழந்தாய், பேடிக்காதே! நானாக்கும் வந்திருக்கேன்!"

"பேடிக்காதேன்னு எழுதியிருக்கேளே. எங்க ஊர்ல பயப்படாதேன்னுதான் சொல்லுவா. பேடிக்கறதுன்னா மலையாளம் இல்லையோ?" என்றேன்.

"உங்க ஊர்லயா? உங்க ஊர்ல பழத்தையே பளம்பா. இது பழைய தமிழ், கேட்டியா? உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாது என்று அவர் சொல்லிவிட்டார். நான் தோசைக்கு அரைக்கப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் வாசித்த எதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

குரல் கொடுத்து முடியும் வரை வீட்டில் மோர் கிடையாது, ஊறுகாய் கிடையாது. மிளகுக் கஷாயமும் பனங்கற்கண்டும்தான். தொண்டையைக் காப்பாற்றுவதற்காக வீட்டில் அவர் சைகையிலேயே பேசினார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் மிகவும் நிம்மதியாக இருந்த காலம் அது.

தெரு முழுவதும் செய்தி பரவியது. எதிர்வீட்டு மாமி, "இனிமே உங்களையெல்லாம் மெட்ராஸ்ல போயாக்கும் பாக்கணும்" என்றாள். ஆபீசில் அவருடைய சூப்பிரண்டு, எத்தனையோ வருஷமாக இவருடைய லீவு லெட்டரை முகம் சுளித்து வாங்கியவர், ஒருநாள் வீடு தேடி வந்து காப்பி குடித்தார். படம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நன்றாக இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சேர்த்தார்கள். வெளிநாட்டு மெஷின் வைத்துப் பறக்க வைத்திருக்கிறார்களாம் என்று ஒருவர் சொன்னதை, அடுத்த நாள் என் கணவரே தன் காதால் கேட்ட செய்தியாக என்னிடம் சொன்னார்.

திருநெல்வேலியில் வெளியானது. என் பிறந்த ஊர் என்பதால் வேன் பிடித்துத் தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனோம். சூப்பிரண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். தியேட்டர் வாசலில் போஸ்டரை நின்று பார்த்தேன். வானத்தைத் தொடும் கட்டிடங்கள், நெருப்பு, ஹெலிகாப்டர். படத்தில் இவை எதுவும் கிடையாது என்பது வசனம் கேட்ட எனக்குத் தெரியும். நாயகனின் முகத்தை முகமூடி மறைத்திருந்தது. தொந்தியை வரைந்தவர் எடுத்துவிட்டிருந்தார். அந்த வருஷங்களில் வெளிநாட்டுப் பறக்கும் படங்கள் தமிழ் பேசிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தன. ஊர்க்காரர்கள் இதையும் அந்த ரகம் என்று நம்பிக் குழந்தை குட்டிகளோடு வந்திருந்தார்கள்.

என் தம்பியும் எங்களோடு உட்கார்ந்தான். எனக்கும் அவனுக்கும் வயது வித்தியாசம் அதிகம். அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அத்திம்பேருக்குச் சோடா வாங்கிக் கொடுத்து வெகு மரியாதையாக இருந்தான்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் தென்னந்தோப்பு வந்தது. தென்னை மரங்களுக்கு மேலே, இடுப்பில் கட்டிய கயிறு பளிச்சென்று தெரிய, மஞ்சள் உடுப்புக்காரர் கொஞ்சம் சாய்ந்தவாறு நகர்ந்தார். தியேட்டரில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. எனக்குப் பின்னால் இருந்த மீசைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஏய், வெளிநாட்டுப் படம்னுல்லா சொன்னானுவ. இது என்னவே, ஓணத்துக்கு வேஷங்கட்டினவன் மாதிரி இருக்கான்?" என்றார். சிரிப்பு இல்லாத குரல். ஏமாந்தவனின் குரல்.

பிறகு தண்ணீர்த் தொட்டி வந்தது. குழந்தை அழுதது. நாயகன் பக்கத்தில் வந்து நின்று வாயைத் திறந்தார். என் கணவரின் குரல் தியேட்டர் முழுவதும் நிறைந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியையும் மலையாளத்தில் இழுப்பதுபோல் மேலே தூக்கி இழுத்திருந்தார்.

"குழந்தாய்… பேடிக்காதேஏ! நானாக்கும் வந்திருக்கேஏன்!"

முன்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "நீயாக்கும் வந்திருக்கே?"

அதற்குப் பிறகு தியேட்டரை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஊளையிட்டார்கள், நாற்காலியைத் தட்டினார்கள். வில்லனோடு சண்டை போடும் இடத்தில் நாயகன், "மதி! உன் அக்கிரமம் மதி! உன்னை வெறுதே விடமாட்டேன்!" என்று கர்ஜித்தார். போதும் என்பதற்கு மதி, சும்மா என்பதற்கு வெறுதே. எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். "யாருலே மதி? வில்லன் பொண்டாட்டியா?" என்று ஒருவன் கேட்டான். "மதியைக் கூப்பிடுலே!" என்று இன்னொருவன் கத்தினான். மீசைக்காரர் காசைத் திருப்பிக் கேட்கப் போவதாகச் சொல்லி எழுந்து போனார்.

என் தம்பி முதலில் குனிந்து உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். இருமல் என்று அக்கம்பக்கத்தில் நினைத்திருக்கலாம். என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு நன்றாக நான் சிரித்ததில்லை. என் கணவர் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, கோயிலில் நைவேத்தியத்துக்குத் திரை போட்டிருக்கும்போது நிற்பவர்போல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் தெருக்காரர்கள் நெல்லையப்பரைத் தரிசனம் செய்துவிட்டு வருவதாகச் சொல்லி மொத்தமாகக் கிளம்பிப் போனார்கள். சூப்பிரண்டு மட்டும் போகவில்லை. அவருக்கு இந்தப் படத்தைவிடப் பிடித்த படம் அந்த வருஷம் வந்திருக்காது. என் கணவரின் தோளைத் தட்டி, "சப்தம் கொள்ளாம் சுவாமி. படம் அல்லே மோசம்" என்றார். குரல் பரவாயில்லை, படம்தானே மோசம் என்று ஆறுதல். சொல்லும்போது அவர் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

திரும்பும்போது வேனில் எல்லோரும் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். அல்வா, வெயில், ரோட்டில் குழி. களியக்காவிளை தாண்டியதும் எதிர்வீட்டு மாமி, "எப்படியானாலும் வேன்ல காத்து நன்னா வந்தது" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்து, அதைத் தும்மலாக மாற்றினார்கள்.

அந்த வாரம் முழுவதும் தெருவில் எல்லோரும் தங்களுக்கு முன்பே தெரியும் என்றார்கள். மஞ்சள் உடுப்பைப் பார்த்தபோதே தெரியுமாம். இரும்புக் கடைக்காரனுக்குச் சினிமா எதற்கு என்று அப்போதே நினைத்தார்களாம். என் கணவர் வீட்டில் காரணம் சொன்னார். "வெளிநாட்டுப் படம்னு நினைச்சுண்டு வந்தவா. சாம்பாருக்குச் சாதத்தைக் குழிச்சுண்டு உக்காந்திருக்கறவன் இலையில பாயசத்தை விட்டா முகம் சுளிக்கத்தான் செய்வான்."

அதில் பாதி நியாயம் இருந்தது. அந்தப் போஸ்டர் இல்லாவிட்டால் அவ்வளவு கோபம் வந்திருக்காது. ஆனாலும் நான், "அவா முகம் சுளிச்சது பாயசத்துக்குன்னா நினைச்சேள்?" என்றேன். அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். நான் என் சாப்பாட்டை முழுக்கச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, படம் ஹவுஸ்ஃபுல்க்கா!"

"எந்தப் படம்?"

"அத்திம்பேர் படந்தான். காலேஜ் பூரா அங்கதான் இருக்கு. பசங்களுக்கு வசனமெல்லாம் மனப்பாடம். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கு. பஸ்ல கண்டக்டர்கூட 'குழந்தாய், பேடிக்காதே'ங்கறார். இப்படி ஒரு படம் பாத்ததே இல்லைன்னு எல்லாரும் சொல்றா."

முதல் நாள் அடித்து நொறுக்கினார்களே என்று கேட்டேன்.

"அன்னிக்கு நல்ல படம்னு நெனச்சுல்லா போனா. இப்ப என்னன்னு தெரிஞ்சே போறா. அதான்."

போனை வைத்ததும் என் கணவர் யார் என்று கேட்டார். "தம்பி. படம் ஹவுஸ்ஃபுல்லாம்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். "பாத்தியா? பாத்தியா? நல்லது ஜனங்களுக்குப் புரியக் கொஞ்சம் நாளாகும்னு சொன்னேனோ இல்லையோ?" என்றார். அப்படி அவர் சொல்லவில்லை. மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். நான் போய்ப் புடவையை மடித்துப் பையில் வைத்தேன்.

இந்தத் தடவை எங்கள் பெண்ணை எதிர்வீட்டு மாமியிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் மட்டும் பஸ்ஸில் போனோம். அவர் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டார். தியேட்டரில் உட்கார இடமில்லை. காலேஜ் பையன்கள், பெண்கள், வியாபாரிகள். காசைத் திருப்பிக் கேட்கப் போன மீசைக்காரர் வெள்ளைச் சட்டையில் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். கயிறு தெரிந்தபோது கைதட்டினார்கள். அதே கயிறு, அதே தென்னந்தோப்பு. தண்ணீர்த் தொட்டி வந்ததும் "உஷ்" என்று ஒருவரை ஒருவர் அடக்கினார்கள். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பிறகு நாயகனோடு சேர்ந்து ஒரே குரலில், அந்த இழுப்பையும் விடாமல், எல்லோரும் அந்த வசனத்தைச் சொன்னார்கள்.

என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் இருக்கும் இடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல். "எல்லாருக்கும் மனசுல பதிஞ்சிருக்குடீ" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் கையை எடுக்கவில்லை.

இடைவேளையில் தம்பி தன் சேக்காளிகளோடு வந்தான். அவனுக்குத் தாங்கவில்லை. "ஏலே, இவர்தாம்லே அந்தக் குரல்! எங்க அத்திம்பேர்!" என்று கத்திவிட்டான். பையன்கள் ஒரு நிமிஷம் நம்பவில்லை. பிறகு அவரைத் தூக்கினார்கள். பட்டு ஜிப்பாவோடு தோளில் உட்கார வைத்து, திரைக்கு முன்னால் இருந்த மேடையில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

"சொல்லுங்க அண்ணாச்சி! சொல்லுங்க!"

அவர் கைகூப்பினார். கோயில் மைக்கில் பேசும் அதே குரலில், "அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்று ஆரம்பித்தார். நிறுத்தி நிதானமாக, ழகரம் ளகரம் பிசகாமல், உண்மையிலேயே நல்ல தமிழ்.

"ஏய், அது வேண்டாம்! பேடிக்காதே சொல்லும்!" என்று கூச்சல் போட்டார்கள்.

சரியென்று அவர் அந்த வசனத்தைச் சொன்னார். ஆனால் ஜனங்களைப் பார்த்த பெருமிதத்தில், அடித்தொண்டையில் அழுத்தமாக, இழுக்காமல் சொன்னார். கூட்டம் கொதித்துவிட்டது. "இது இல்லய்யா! படத்துல உள்ள மாதிரி! கோட்டி மாதிரி இழுத்துச் சொல்லும்!"

கோட்டி என்றால் எங்கள் ஊரில் பைத்தியம். அவர் முன்வரிசை முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் நின்ற இடத்தில் விளக்கு இருந்தது, அவர் என்னைப் பார்த்துவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் தாடையில் தெரிந்தது. இறங்கி வந்திருக்கலாம். வழி விட்டிருப்பார்கள். அவர் இறங்கவில்லை. ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டு, வாக்கியத்தின் கடைசியைப் படத்தில் இருந்ததைவிட மேலே தூக்கி, இழுத்துச் சொன்னார்.

கூரை பிய்ந்துபோவதுபோல் கைதட்டல். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் சொன்னார். மதி சொல்லச் சொன்னார்கள், மதி சொன்னார். குரல் உடைந்து கீச்சென்று போனது. அதற்கும் கைதட்டினார்கள். இடைவேளை முடிந்த மணி அடித்த பிறகுதான் விட்டார்கள்.

திரும்பும்போது பஸ் நாகர்கோவிலைத் தாண்டியது. அவர் ஜன்னலைப் பார்த்தவாறு கேட்டார்.

"அவா எதுக்குச் சிரிக்கறான்னு உனக்கு முன்னாடியே தெரியுமோ?"

"தெரியும்."

"பின்னே ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. பேடிக்காதேன்னு எங்க ஊர்ல சொல்ல மாட்டான்னு அன்னிக்கே சொன்னேன்."

அவர் துண்டை மடித்துக் கழுத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

இரும்புக் கடைக்காரர் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். அடுத்த படம் எடுக்கப் போகிறாராம். சுவாமி அதே மாதிரிப் பேசினால் போதும், மலையாளம் இன்னும் கொஞ்சம் கலந்தால் ரொம்ப நல்லது என்றார். என் கணவர் அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மலையாளத்தில் ஒரே வாக்கியம் சொன்னார்: "எனிக்குத் தமிழ் அறிஞ்ஞுகூடா." எனக்குத் தமிழ் தெரியாது. ஸ்வீட் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைக்காரர் மிமிக்ரி செய்கிற ஒருவரைப் பிடித்து, என் கணவரைப்போலவே பேச வைத்துப் படத்தை வெளியிட்டார். சிரிப்பதற்கென்றே தயாராக வந்த கூட்டம் முதல் ஆட்டத்திலேயே எழுந்து போய்விட்டது என்று தம்பி சொன்னான். "அவன் வேணும்னே பண்றான்க்கா. அத்திம்பேர் நம்பில்லா பண்ணினார்." அவன் பாராட்டாகத்தான் சொன்னான். நான் அதை வீட்டில் சொல்லவில்லை. இரும்புக் கடைக்காரர் நஷ்டத்துக்கு என் கணவர்தான் காரணம் என்று கிழக்கேகோட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த உற்சவத்தில் மைக்கை வேறொருவர் பிடித்தார். என் கணவர் போகவில்லை. வீட்டிலும் மெல்ல மெல்ல மலையாளத்துக்கு மாறினார். முதலில் எங்கள் பெண்ணிடம், பிறகு என்னிடமும். பள்ளியில் மலையாளம் பேசிப் பழகிய அவளுக்கு அது சௌகரியமாக இருந்தது. எனக்குக் கேள்வி மலையாளத்தில் வரும், நான் தமிழில் பதில் சொல்வேன். என்னைத் திருத்த அதன் பிறகு யாரும் இல்லை.

பல வருஷம் கழித்து எங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. திருநெல்வேலியிலிருந்து என் மனுஷர்கள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். தம்பியின் பழைய சேக்காளிகள் சிலரும், இப்போது தலை நரைத்தவர்கள், மனைவி மக்களோடு வந்திருந்தார்கள். முகூர்த்தம் முடிந்து, சாப்பாடு முடிந்து, பஸ் கிளம்பும் வரை அவர்கள் அவரையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். தங்கள் குழந்தைகளிடம் அவரைக் காட்டி ஏதோ சொன்னார்கள். குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தன. அவர் எல்லோரிடமும் மலையாளத்திலேயே, தணிந்த குரலில், ஊண் கழிச்சோ, சாப்பாடு ஆயிற்றா, என்று விசாரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

வழியனுப்ப நான் பஸ் வரைக்கும் போனேன். படியில் ஏறிக்கொண்டிருந்த ஒருத்தி தன் புருஷனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"இவரைப் பத்தியா இவ்வளவு சொன்னிய? நேர்ல ஒண்ணுமே இல்லியே."